மீட்பு வாசகம்: ஜெர்மானிய ஊர்கள் அச்சிட்ட இடர்ப்பணம்



ஒரு கவிஞரைப் போற்றும் வகையில், அவர் எழுதிய மொழியிலேயே வாசகங்களைப் பொறித்து, ஓர் ஊர் தன் பணத்தை வெளியிட்டது என்று கேட்டால் இந்த அவைக்கு மகிழ்ச்சி பிறக்கும். ஓர் ஊர் அன்று. எழுபது ஊர்கள் அவ்வாறு செய்தன. இடம், வட ஜெர்மனியில் மெக்லென்பர்க் என்னும் பகுதி, ஆண்டு 1921. அக்கவிஞர் ஃபிரிட்ஸ் ராய்ட்டர். 1810இல் ஸ்டாவன்ஹாகன் என்னும் சிற்றூரில் பிறந்து 1874இல் மறைந்தவர். மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1833இல் சிறைப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பெற்று, அது முப்பதாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டு, 1840இல் விடுதலையானவர். பின்னர் ஏட்டு மொழியை ஒதுக்கி, மெக்லென்பர்க் உழவரும் கூலியாளும் வீட்டில் பேசிய தாழ்நில ஜெர்மன் மொழியில் எழுதிப் பெரும்புகழ் எய்தியவர். அவர் நினைவாக 10, 25, 50 பென்னிக் மதிப்புகளில் அச்சான சிறு தாள்களை 'ராய்ட்டர் பணம்' என்று இன்றும் வழங்குகின்றனர்.

அந்தப் பணத்தைக் கடைக்குக் கொண்டு சென்று செலவழித்தவர் மிகச் சிலர். செலவழிப்பதற்காக அது அச்சிடப்படவும் இல்லை. சேகரிப்போர் விரும்பி வாங்குவர். தொகுப்பேட்டில் செருகி வைப்பர். ஊர்க் கருவூலத்துக்கு அதை ஒருநாளும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். அவ்வாறு திரும்பி வராத தாள் ஒவ்வொன்றும் ஊருக்கு வருவாய். இந்தக் கணக்கைத் தெரிந்தேதான் ஊரவைகள் அச்சகத்துக்குச் சென்றன. கவிஞரின் சொல் பணமாயிற்று என்று மகிழ்வதற்கு முன், அந்தத் தாளில் ஊர் கொடுத்த சொல் என்னவாயிற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய பணத்தை ஜெர்மானியர் 'நோட்கெல்ட்' என்றனர். 'கெல்ட்' என்பது பணம். 'நோட்' என்பது இடர், நெருக்கடி, இன்றியமையாத் தேவை ஆகியவற்றை ஒருசேரக் குறிக்கும் சொல். (தமிழில் வழங்கும் 'நோட்டு' ஆங்கிலத்தின் வழி வந்தது, இரண்டுக்கும் உறவு ஏதுமில்லை.) 'இடர்ப்பணம்' என்று சொன்னால் பொருந்தும். 1914 முதல் 1924 வரையான பத்தாண்டுக் காலத்தில், ரைக்ஸ்பாங்க் என்னும் நடுவண் வங்கியையும் அரசின் நாணயச் சாலையையும் சாராமல், நகராட்சிகளும் மாவட்ட அவைகளும் சேமிப்பு வங்கிகளும் தொழிற்சாலைகளும் தாமே வெளியிட்ட பணம் அது.

ஓர் இடர்ப்பணத் தாளைக் கையில் எடுத்தால் கண்ணில் முதலில் படுவது படம். அடுத்தது எண். மூன்றாவதாக, பெரும்பாலும் மிகச் சிறிய எழுத்தில், ஒரு வாசகம் இருக்கும். இத்தாளை இன்ன ஊரின் கருவூலத்தில், இன்ன நாளுக்குள் கொண்டுவந்து கொடுப்பவருக்கு இதன் மதிப்புக்குரிய சட்டப்படியான பணம் தரப்படும் என்பது அதன் சாரம். கீழே நகரத் தலைவரின் கையொப்பம். இதனை மீட்பு வாசகம் எனலாம். சேகரிப்போர் நூல்கள் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். பொருளியல் நூல்கள் எண்ணைப் பற்றிப் பேசும். இந்தச் சிறு வாசகத்தை ஓர் இலக்கியப் பனுவலைப் படிப்பது போலப் படித்தவர் குறைவு. பத்தாண்டுகளில் அதே சொற்கள் நான்கு வேறு பொருள்களைத் தந்தன. சொல் மாறாமல் பொருள் மாறும் விந்தையில் கவிஞர்களுக்கு இயல்பாகவே நாட்டம் உண்டு.

முதல் பொருள் நேரானது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. தாளுக்கு ஈடாகப் பொன் தரும் கடமையிலிருந்து நடுவண் வங்கியை ஆகஸ்ட் 4ஆம் நாள் சட்டம் விடுவித்தது. மக்கள் அச்சங்கொண்டு பொன் காசையும் வெள்ளிக் காசையும் வீட்டில் பதுக்கினர். கடைத்தெருவில் சில்லறை மறைந்தது. கூலி கொடுக்கச் சிறு காசு இல்லை. பெரிய தாளை நீட்டினால் மீதி கொடுக்க எவரிடமும் இல்லை. எல்லைப் பகுதி ஊர்கள் தலைநகரின் ஆணைக்குக் காத்திராமல், உள்ளூர் அச்சகத்தில் எளிய தாள்களை அடித்து, முத்திரையும் கையொப்பமும் இட்டுப் புழக்கத்தில் விட்டன. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. ரொட்டிக் கடைக்காரர் அதை ஏற்றதற்குக் காரணம் எளிது. கையொப்பமிட்டவர் யார் என்பதை அவர் அறிவார். கருவூலம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் தெரியும். வரி கட்டும் நாளில் அதே தாளை அங்கேயே கொடுக்கலாம். ஊர் எல்லையைத் தாண்டினால் அது வெறுந்தாள். எல்லைக்குள் அது முழுப்பணம்.

போர் நீண்டபோது செம்பும் நிக்கலும் படைக்கலச் சாலைகளுக்குப் போயின. இரும்பிலும் துத்தநாகத்திலும் அடித்த காசுகள் போதவில்லை. ஆகவே ஊர்கள் மீண்டும் அச்சிட்டன. 1918ஆம் ஆண்டின் இறுதியில் தோல்வியும் புரட்சியும் நெருங்கியபோது மக்கள் காகிதப் பணத்தையும் பதுக்கத் தொடங்கவே, பெரிய மதிப்புள்ள தாள்களை அச்சிட்டு உதவுமாறு நடுவண் வங்கியே நகரங்களைக் கேட்டுக்கொண்டது. இக்கட்டம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மீட்பு வாசகம் அதுவரை பெரும்பாலும் காப்பாற்றப்பட்டே வந்தது.

இடரே இல்லாத இடர்ப்பணம் 1920ஐ ஒட்டித் தோன்றியது. சில்லறைத் தட்டுப்பாடு தணிந்துகொண்டிருந்த வேளையில், சேகரிக்கும் ஆர்வம் நாடெங்கும் ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. நகராட்சிகள் அதனைக் கண்டுகொண்டன. நான்கு, ஆறு, பன்னிரண்டு என வரிசை வரிசையாகத் தாள்களை வெளியிட்டன. ஹாமெல்ன் நகரம் எலிகளையும் பின்னர்க் குழந்தைகளையும் ஊதி அழைத்துச் சென்ற குழலூதியின் கதையை அச்சிட்டது. எர்ஃபுர்ட் நகரம் அங்கே துறவியாக வாழ்ந்த மார்ட்டின் லூதரின் வாழ்க்கையை அச்சிட்டது. ஷ்லெஸ்விக் பகுதி ஊர்கள், 1920இல் டென்மார்க்கோடு சேர்வதா ஜெர்மனியோடு இருப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, தம் உணர்ச்சியையெல்லாம் பணத்தாளில் கொட்டின. இட்ஸஹோ என்னும் ஊரில் வாழ்ந்த வென்ஸல் ஹாப்லிக் என்ற ஓவியர் தம் புதுப்பாணிக் கோடுகளையும் வண்ணங்களையும் ஊர்ப்பணத்தில் தீட்டினார். ஓவியக் கூடத்தின் வாசலை ஒருநாளும் மிதிக்காதவர் கையிலும் அது சென்று சேர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

தாளோடும் நிற்கவில்லை. நெசவுக்குப் பேர்போன பீலஃபெல்ட் நகரில், சேமிப்பு வங்கியின் தலைவரான பவுல் ஹாங்கே, பட்டுத்துணியிலும் லினன் துணியிலும் பணம் அச்சிடச் செய்தார். ஓஸ்டர்வீக் என்னும் ஊர் தோலில் அச்சிட்டது. உலகப் புகழ்பெற்ற மைஸன் பீங்கான் ஆலை, சாக்சனி மாநிலத்துக்காகவும் பல நகரங்களுக்காகவும் செந்நிறச் சுடுமண் காசுகளை வார்த்தது. ஒவ்வோர் ஊரும் தன் தொழிலையே தன் பணமாக்கியது என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. பாராட்டில் பாதி நியாயம் இருக்கிறது.

மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தாள்களில் ஈரடிச் செய்யுள்கள் மிகுதி. உள்ளூர்ப் பெருமை, குடி, விலைவாசி, போர்த்தோல்வி பற்றியவை. அவற்றில் பெரும்பாலானவை தரமான செய்யுள்கள் அல்ல. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். யூதர்களை இழிவுபடுத்தும் படங்களைச் சில ஊர்கள் தம் பணத்தில் அச்சிட்டன; அவை கைக்குக் கை மாறின. அதைப் பொறுத்துக்கொள்வதற்கில்லை. ஊர் தானே பேசும் உரிமை பெற்றபோது, தன் பழங்கதைகளோடு தன் பகைமையையும் பேசியது. வண்ணப் படங்களோடு வரும் சேகரிப்பு நூல்களில் அப்பக்கங்களை விரைந்து புரட்டிவிடும் வழக்கம் நேர்மையானது அன்று.

இனி மீட்பு வாசகத்துக்கு வருவோம். வரிசைத் தாள்களிலும் அந்த வாசகம் இருந்தது. ஆயின் குறித்த நாள் மிக அண்மையில் இருக்கும். சிலவற்றில், தாள் விற்பனைக்கு வரும்போதே அந்நாள் கடந்திருக்கும். வாக்கு கொடுக்கப்பட்டது, கேட்பார் வரமாட்டார் என்ற துணிவில் கொடுக்கப்பட்டது. ராய்ட்டர் பணம் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. யாரையும் பட்டினி போடாத ஏமாற்று என்று சிலர் இதைச் சிரித்து ஒதுக்குவர். வாங்கியவருக்கும் படம் கிடைத்தது என்பர். இருக்கலாம். ஆயினும், கையொப்பமிட்ட ஒரு வாசகத்தை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று ஊரும் மக்களும் சேர்ந்து பழகிய காலம் அதுதான். 1922 ஜூலை 17ஆம் நாள் சட்டம் இத்தகைய வெளியீடுகளுக்குத் தடை விதித்தது. தடை வந்த சில வாரங்களிலேயே உண்மையான இடர் வந்து சேர்ந்தது.

அதன் வேர் போரில் இருக்கிறது. ஜெர்மன் அரசு போருக்கான செலவை வரியால் ஈடுசெய்யாமல் பெரும்பகுதி கடனால் ஈடுசெய்தது. ஒன்பது முறை போர்க்கடன் பத்திரங்கள் வெளியாயின. ஆசிரியரும் கைம்பெண்ணும் ஓய்வூதியரும் ஏறத்தாழ 10,000 கோடி மார்க் கொண்டுபோய்க் கொடுத்தனர். வென்றபின் பகைவரிடம் வாங்கித் திருப்பலாம் என்பது கணக்கு. தோற்றபின் இழப்பீடும் சேர்ந்தது. 1923 ஜனவரி 11ஆம் நாள் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ரூர் பகுதிக்குள் நுழைந்தன. நிலக்கரியும் எஃகும் விளையும் அப்பகுதியில் தொழிலாளர் ஒத்துழைக்க மறுத்தனர். அவர்களுக்கும் குடும்பத்துக்கும் அரசு ஊதியம் கொடுத்தது. கொடுப்பதற்குப் பணம் இல்லை, அச்சிட்டது.

போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.20 மார்க். 1923 நவம்பர் 20ஆம் நாள் ஒரு டாலருக்கு 4,20,000 கோடி மார்க். பெர்லினில் 1923 ஜனவரியில் 250 மார்க் விலையுள்ள ரொட்டி நவம்பரில் 20,100 கோடி மார்க் ஆயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட காகித ஆலைகளும், 133 அச்சகங்களில் 1,783 பொறிகளும் நடுவண் வங்கிக்காக மட்டும் இரவும் பகலும் ஓடின. அப்படியும் போதவில்லை. 1922ஆம் ஆண்டின் தேதியிட்ட ஆயிரம் மார்க் தாளின் மேல் சிவப்பு மையால் 'நூறு கோடி' என்று குறுக்கே அடித்து வெளியிட்டனர். பழைய ஏட்டுச் சுவடியின் மேல் வேறு பாட்டை எழுதுவது போன்றது அது. கீழே உள்ள எழுத்து இன்னும் படிக்கத் தெரிகிறது.

பெர்லினில் அச்சான பணம் மூட்டை கட்டி இரயிலேறி ஊர் வந்து சேர்வதற்குள் மதிப்பிழந்தது. ரூர் பகுதியில் வழியிலேயே பிரெஞ்சுப் படை பறித்துக்கொண்டதும் உண்டு. கூலி நாளோ தள்ளிப் போகாது. ஆகவே 5,800க்கும் மேற்பட்ட நகரங்களும் சிற்றூர்களும் நிறுவனங்களும் தாமே அச்சிட்டன. சில அனுமதி பெற்று, ஈட்டுத்தொகை செலுத்தி. பல அனுமதியே இல்லாமல். ஜெர்மன் இரயில்வே தன் பணத்தை அச்சிட்டது. இப்போது குழலூதி இல்லை, லூதர் இல்லை. ஒருபக்கம் மட்டும் அச்சிட்ட தாள்கள், மறுபக்கம் வெறுமை. கிடைத்த காகிதம், கிடைத்த மை.

இக்கட்டத்தின் ஒரு தாளை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 1923 ஆகஸ்டில் வைமார் நகரில் இருந்த துரிங்கியா மாநில வங்கிக்குப் பத்து இலட்சம், இருபது இலட்சம் மார்க் தாள்கள் உடனே தேவைப்பட்டன. அந்நகரின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராக இருந்த, இருபத்துமூன்று வயதான ஹெர்பெர்ட் பேயரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் படம் எதுவும் வரையவில்லை. பெரிய எழுத்து, பெரிய எண், கட்டம் பிரித்த வண்ணம், அவ்வளவே. எண் மாறினால் தாளின் அமைப்பை மாற்றாமல் அடுத்த எண்ணைப் பொருத்திவிடலாம். இடர்ப்பணத்தின் வரலாற்றில் இவைதாம் உண்மையான கவிதை என்று சொல்லத் தோன்றுகிறது. கண்ணைக் கவர வேண்டும் என்னும் எண்ணமே இல்லாமல், கையில் எடுத்தவர் விரைவில் எண்ணி விரைவில் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டவை. அழகான தாள்களை மக்கள் வைத்துக்கொண்டனர். அழகைப் பற்றி எண்ணாத தாள்களைக் கொண்டு ரொட்டி வாங்கினர்.

மீட்பு வாசகம் இப்போது மூன்றாம் பொருளைப் பெற்றது. அதை ஒரு கணக்காகச் சொன்னால் தெளிவாகும். ஒரு நகராட்சி திங்கட்கிழமை தாள் அச்சிட்டுத் துப்புரவுப் பணியாளர்க்குக் கூலி கொடுக்கிறது. தாள் கடைக்காரரிடம் போய், மொத்த வணிகரிடம் போய், இரண்டு மூன்று வாரங்களில் கருவூலத்துக்குத் திரும்புகிறது. நகராட்சி வாக்குத் தவறவில்லை. தாளில் கண்ட எண்ணுக்குரிய மார்க்கை எண்ணிக் கொடுக்கிறது. ஆனால் அந்த மார்க் திங்கட்கிழமை மார்க்கின் நூற்றில் ஒரு பங்கு கூட இராது. இடையே கரைந்த மதிப்பு யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று? தாளைக் கையில் வைத்திருந்தவர் அனைவரிடமிருந்தும், அதை அச்சிட்டவருக்கு. ஏமாற்ற எண்ணாத நகரத் தலைவருக்கும் இந்த ஊதியம் தானாகவே வந்தது. எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிய வாக்கே வாக்குமீறலாக முடிந்தது.

பணவீக்கத்துக்கே ஊர்ப்பணம்தான் காரணம் என்று நடுவண் வங்கியைச் சார்ந்தோர் பின்னாளில் எழுதியதும் உண்டு. அது அளவு மீறிய குற்றச்சாட்டு. அரசின் கடன் சீட்டுகளை வாங்கிக்கொண்டு எல்லையின்றிப் பணம் கொடுத்தது அதே வங்கி. ஊர்கள் எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றின என்பது உண்மை; தீ வைத்தவை அவை அல்ல.

தமிழில் 'கோடி கோடி' என்பது கவிஞர் வழக்கு. எண்ணில் அடங்காதது என்று பொருள். ஜெர்மன் நடுவண் வங்கி 1924 பிப்ரவரி 15ஆம் நாளிட்டு வெளியிட்ட தாளின் மதிப்பு, எண்ணிப் பார்த்தால், சரியாக ஒரு கோடி கோடி மார்க். உயர்வு நவிற்சி ஒரு கைத்தாளாக மடிக்கக் கிடைத்தது. அதைக் கொடுத்தால் புதிய பணத்தில் நூறு மார்க் கிடைக்கும். அக்காலத்தில் ஃபிராங்க்ஃபுர்ட்டில் பள்ளி மாணவராக இருந்த எலியாஸ் கனெட்டி, பின்னர் 1960இல் வெளியான தம் நூலில், பணவீக்கம் பணத்தை மட்டும் சிறுமைப்படுத்துவதில்லை, அதைக் கொண்டு தன்னை அளந்துகொண்ட மனிதனையும் சிறுமைப்படுத்துகிறது என்று வாதிட்டார். சிறுமைப்பட்ட மக்கள் தம்மினும் சிறுமைப்படுத்த ஒருவரைத் தேடுவர் என்று அவ்வாதத்தை யூதர்களின் பேரழிவு வரை கொண்டு சென்றார். இதை முழுதும் ஏற்காதவர்களும், 1921இன் வண்ணத் தாள்கள் சிலவற்றில் இருந்த படங்களை நினைவிற் கொண்டால், எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

போர்க்கடன் பத்திரம் வாங்கியோர் கதியும் எண்ணால் சொல்லத் தக்கது. 1923 நவம்பர் 15ஆம் நாள் ரென்ட்டன்மார்க் என்னும் புதிய பணம் வந்தது. ஒரு ரென்ட்டன்மார்க்குக்கு ஓர் இலட்சம் கோடி பழைய மார்க். அந்த விகிதத்தில், நாடே சேர்ந்து கொடுத்த 10,000 கோடி மார்க் கடனின் மதிப்பு பத்து பென்னிக். ராய்ட்டர் பணத்தின் மிகச் சிறிய தாளில் அச்சிட்டிருந்த அதே எண். 1925இல் வந்த சட்டம் சிறு பகுதியை மீட்டுக் கொடுத்தது; அதற்குள் முதியோர் பலர் வீட்டுப் பொருள்களை விற்றுத் தீர்த்திருந்தனர்.

நான்காம் பொருள் இந்த அழிவின் கடைசி வாரங்களில் பிறந்தது. 1923 அக்டோபரில், மதிப்பு நிலைத்த இடர்ப்பணத்துக்கு நிதியமைச்சகம் இசைவு தந்தது. அத்தாள்களில் மார்க் என்னும் சொல்லை நம்பாமல், பொன் மார்க் என்றும், டாலரின் இத்தனையில் ஒரு பங்கு என்றும் எழுதினர். ஓராண்டுக்கு முன்பே ஓல்டன்பர்க் மாநிலம், கடன் பத்திரங்களில் 125 கிலோ ரை தானியத்தை அளவாக வைத்திருந்தது. தானியத்தின் எடையை எந்த அச்சகமும் மாற்ற முடியாது. மீட்பு வாசகம் இப்போது நீண்டது. எதைக் கொண்டு, எந்த அளவில், யார் பொறுப்பில் என்று ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லிற்று. நம்பிக்கை குறையக் குறைய வாக்கியம் நீள்கிறது. 1914இன் தாளுக்கு ஒரு வரி போதுமாயிருந்தது.

பணத்துறை ஆணையராக 1923 நவம்பரில் பொறுப்பேற்ற யால்மார் ஷாக்ட், பழைய இடர்ப்பணத்தை நடுவண் வங்கி இனி ஏற்காது என்னும் முடிவை முன்னின்று நடத்தினார். அறிவிப்பு நவம்பர் 17ஆம் நாள் வந்தது. 22ஆம் நாள் முதல் நடைமுறை. நாட்டின் பிற பகுதிகளுக்கு அது மருந்தாயிற்று. ரைன் பகுதிக்கு அது வேறு. அங்கே அயல்நாட்டுப் படைகளின் ஆட்சி புதிய ரென்ட்டன்மார்க்கை நுழைய விடவில்லை. நகரப் பணமே மக்களின் பணம். மேயர் கொன்ராட் அடெனாயரின் கையொப்பம் தாங்கிய கொலோன் நகரத் தாள்கள் அவற்றுள் சேரும். அவர் 1949இல் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமரானவர். கொலோன் சந்தையில் டாலரின் விலை பெர்லின் விலையினும் இருமடங்குக்கு மேல் ஏறியிருந்தது. நவம்பர் 25ஆம் நாள் ஷாக்ட் அங்கே சென்றபோது, நகராட்சியினரும் வணிகரும் கடுஞ்சினத்துடன் அவரை எதிர்கொண்டனர். அவர் இணங்கவில்லை. எது சரி என்பதில் பொருளியல் அறிஞர்களிடையே இன்று பெரிய ஐயமில்லை. ஷாக்ட்டின் பிடிவாதமே பணத்தை நிலைநிறுத்தியது. எனினும் அன்று மாலை கொலோனில் கூலித் தாளைக் கையில் வைத்திருந்தவருக்கு அந்தத் தீர்ப்பு ரொட்டி ஆகவில்லை.

1924இல் ஊர்க் கருவூலங்கள் மீதித் தாள்களை வாங்கி, எண்ணி, துளையிட்டுச் செல்லாததாக்கின. துளை விழுந்த தாள், ஊர் தன் வாக்கை ஒருவகையில் முடித்துக் கொடுத்ததன் அடையாளம். இன்று தொகுப்பேடுகளில் கிடைக்கும் 1923இன் தாள்களில் மடிப்பும் அழுக்கும் துளையும் காணலாம். ராய்ட்டர் பணம் பெரும்பாலும் மடிப்பின்றி, அச்சகத்திலிருந்து வந்த அன்று இருந்தபடியே இருக்கிறது. தாழ்நில ஜெர்மன் மொழியின் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. யாரும் கொண்டுபோய்க் கேட்காத வாசகமும் அதே தாளில் இருக்கிறது.